மீட்சியும் மீட்பும்

போதைப் பழக்கத்திலிருந்து ஒருவர் விடுபடுதலாகிய ‘மீட்சி’, பிறரை விடுவித்தலாகிய ‘மீட்பு’ ஆகிய இரண்டும், திரும்பி வருதல் எனப் பொருள்படும் ‘மீள்’ என்னும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. ‘மீள்வான்’ தன்வினை, ‘மீட்பான்’ பிறவினை. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டலைப் புறப்பொருள் இலக்கணம் கரந்தை என வகுத்தது. அடகு வைத்த நகையையும் மக்கள் ‘மீட்கிறார்கள்’. இழந்தது அழியவில்லை, உரியவரிடம் திரும்பக்கூடியது என்னும் நம்பிக்கை இச்சொல்லிலேயே உள்ளதால், ‘போதை அடிமை’ என்னும் வழக்கைவிட இது மேலானது. 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதன் வழியில் 1953இல் உருவான நார்கோட்டிக்ஸ் அனானிமஸ் ஆகிய அமைப்புகள், மீண்டவரே மற்றவர் மீளத் துணைநிற்கும் முறையால் இவ்விரு வினைகளையும் இணைத்தன. மது எளிதில் கிடைக்கும் புதுச்சேரியில், ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறை போதையிலிருந்து மீள்வதற்கான சிகிச்சையை அளிக்கிறது. தேவைப்படுவோர் தயங்காமல் நாடலாம்.