திறமூலக் குறியாக்க மென்பொருள்: வெளியீடும் நிறுவலும்

சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்புகளையும் கடிதங்களையும் மாற்றித் தரும் நிரலே குறியாக்க மென்பொருள். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்றால் அது திறமூலம். ரகசியம் காக்கும் கருவிக்கே ரகசியம் இல்லையா என்று முதலில் கேட்பவர் திகைப்பார். பிரான்சில் மொழிப் பேராசிரியராக இருந்த டச்சுக்காரர் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே இதற்கு விடை சொல்லிவிட்டார்: முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கவலையில்லை, சாவி சிக்கக் கூடாது. இந்த மென்பொருளின் வரலாற்றைப் புரட்டினால், பெரிய விபத்துகளில் அடிப்படைக் கணக்கு தோற்றது அபூர்வம். நிரலை எழுதிய கைகளிலும், எழுதியவர் வெளியிட்ட கோப்புதான் நம் கணினிக்கு வந்து சேர்ந்ததா என்ற இடத்திலும்தான் சறுக்கல்கள் நேர்ந்திருக்கின்றன.

பொதுமக்களுக்கான குறியாக்கம் 1991-இல் பிஜிபி என்ற நிரலோடு தொடங்கியது. எழுதியவர் அமெரிக்கரான ஃபில் சிம்மர்மன். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வலுவான குறியாக்கம் போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தது. அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்பினால் ஆயுதம் கடத்திய குற்றம். நிரல் இணையம் வழியாக எல்லை தாண்டிவிட, 1993-இல் அவர்மீது விசாரணை தொடங்கியது. 1996 ஜனவரியில் வழக்கில்லாமல் கைவிடப்பட்டது. இடையில் நடந்ததுதான் சுவாரசியம். மூல நிரல் முழுவதையும் அமெரிக்காவின் எம்ஐடி பதிப்பகம் 1995-இல் புத்தகமாக அச்சிட்டது. மென்பொருளைத் தடுக்கலாம், புத்தகத்தைத் தடுக்க முடியாது. பிறகு வந்த 5.0 பதிப்பு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களாக அச்சாகி ஐரோப்பா போனது. அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து 1997-இல் மீண்டும் நிரலாக்கினார்கள். ஸ்கேனர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தாலும் தெரியவேண்டும் என்று ஒவ்வொரு வரியோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் அச்சிட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தது அனுப்பியதுதானா என்ற கேள்விக்குக் காகிதத்திலேயே விடை இருந்தது.

பிஜிபி நிறுவனச் சொத்தாக மாறிவிட, அதே வேலையைச் செய்யும் கட்டற்ற நிரலை ஜெர்மனியின் வெர்னர் கோக் எழுதினார். குனு பிரைவசி கார்டு (சுருக்கமாக ஜிபிஜி) என்ற அதன் 1.0 பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. உலகின் பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் இதன் கையொப்பத்தை, அதாவது கோப்பு வெளியிட்டவரிடமிருந்தே வந்தது என்று காட்டும் மின் முத்திரையை, நம்பி இயங்க, அதைப் பராமரிக்கும் மனிதர் 2015 தொடக்கம்வரை பணமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் நன்கொடை குவிந்தது.

இந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஓர் இடம் உண்டு. செங்கல்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள் கோயிலில் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால், மறைமலைநகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, வண்டலூர் எல்லாம் கடந்து குரோம்பேட்டை வரும். அங்கே மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளையும் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதன் வழியே 2007-இல் வெளிவந்ததுதான் ‘பாஸ்’ லினக்ஸ். அது டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை அடித்தளமாகக் கொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த டெபியன் 4.0-இலிருந்து, புதிய மென்பொருளை இறக்கும்போது கையொப்பத்தைக் கணினி தானே சரிபார்த்துக்கொள்கிறது. பயனர் எதையும் செய்ய வேண்டியதில்லை. பாதுகாப்பான நிறுவலுக்கு இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட வழிகளில் சிறந்தது இந்தச் சோம்பேறி வழிதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் முத்திரை சரியாக இருந்தும் உள்ளே இருந்த சரக்கு கெட்டுப்போன கதையும் டெபியனுக்கு உண்டு. சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டுகிறதே என்று 2006-இல் பராமரிப்பாளர் ஒருவர் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலில் இரண்டு வரிகளை முடக்கினார். சாவி உருவாகத் தேவையான தற்செயல் எண்கள் அத்தோடு வற்றிப்போயின. ஒரு வகைக் கணினியில், ஒரு நீளத்தில், 32,767 சாவிகளுக்கு மேல் உருவாகவே வழியில்லை. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கச் சில மணி நேரம் போதும். 2008 மே 13-ஆம் தேதி அறிவிப்பு வந்தபோது, இடைப்பட்ட காலத்தில் உருவாக்கிய சாவிகளை உலகெங்கும் மாற்ற வேண்டியிருந்தது. நிரல் திறந்துதான் கிடந்தது. பார்க்க வேண்டிய கண்கள்தான் இல்லை.

இந்தியச் சட்டம் குறியாக்க விஷயத்தில் தயங்கித் தயங்கியே நடந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்துக்கு ஏற்பு தந்தது. 2008 திருத்தத்தில் சேர்ந்த 84ஏ பிரிவு, குறியாக்க முறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதன்படி 2015 செப்டம்பரில் ஒரு வரைவுக் கொள்கை வந்தது. குறியாக்கம் செய்து அனுப்பியதன் மூல வடிவத்தைக் குடிமக்களும் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது அந்த வரைவு. பூட்டிய பெட்டிக்குப் பக்கத்திலேயே திறந்த நகல் ஒன்றை வைக்கச் சொன்னதைப் போல. எதிர்ப்பு கிளம்பவே செப்டம்பர் 22-ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது.

மென்பொருளின் பக்கம் திரும்பினால், ஹார்ட் டிஸ்கையே பூட்டித் தந்த ட்ரூகிரிப்ட் என்ற நிரல் 2014 மே மாதம் ஒரே நாளில் மூடப்பட்டது. இதைப் பயன்படுத்துவது பாதுகாப்பல்ல என்று அதன் தளமே அறிவித்தது. எழுதியவர்கள் பெயர் சொல்லாதவர்கள் என்பதால் ஏன் என்று கேட்கவும் ஆளில்லை. அடுத்த ஆண்டு முடிந்த தணிக்கையில் கள்ளவழி எதுவும் அகப்படவில்லை. அதே நிரலிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட் இன்று அதன் இடத்தில் இருக்கிறது. கோப்பை இறக்கும் இடத்திலும் சறுக்கல் உண்டு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வெளியீட்டின் தளத்தில் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பைக் கள்ள நகலுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே கைப்பற்றியவருக்கு, அதில் போட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணை மாற்றுவது பெரிய வேலையல்ல. எண் போதாது, கையொப்பமும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் குடைவரை நரசிம்மருக்கு நெற்றிக்கண் உண்டு; அர்ச்சகர் திருமண்ணை விலக்கி ஆரத்தி காட்டும்போதுதான் அது தெரியும். டவுன்லோட் பக்கத்தில் கையொப்பக் கோப்பும் அப்படித்தான், தேடுகிறவருக்கு மட்டும் கண்ணில் படும். பெரிய கோப்போடு அந்தச் சிறிய கோப்பையும் இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும், வெளியிட்டவரின் பொதுச்சாவியைச் சேர்த்து, ஜிபிஜி நிரலிடம் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். கையொப்பம் சரி என்று ஒரு வரி வரும். கீழேயே, இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு உறுதியில்லை என்ற எச்சரிக்கையும் வரும். பலர் பயந்து நிறுத்துவதும், சிலர் படிக்காமல் தாண்டுவதும் இந்த இடத்தில்தான். செய்ய வேண்டியது, சாவியின் 40 எழுத்துக் கைரேகையை அந்தத் தளம் அல்லாத வேறொரு வழியில் கிடைத்த கைரேகையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது.

வேறு வழி என்றால் நேரில் பார்ப்பதும் உண்டு. டெபியன் ஆட்கள் கூடுமிடத்தில் அடையாள அட்டையும், கைரேகை அச்சிட்ட துண்டுச்சீட்டும் கைமாறும். முகம் பார்த்த பிறகே ஒருவர் சாவியில் மற்றவர் கையொப்பமிடுவார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்தலிலும் இதே பிடிவாதம் உண்டு. குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும், விவரமறியாச் சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும், மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும்.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் விவகாரம் இந்தச் சரிபார்ப்புகளையெல்லாம் தாண்டியது. ஈராண்டுக்கு மேலாக ஒழுங்காக உழைத்து நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளரே கள்ளவழியை வைத்து, தன் சாவியாலேயே கையொப்பமிட்டு வெளியிட்டிருந்தார். எல்லோரும் பார்க்கும் மூல நிரலில் அதன் முழு இயக்கம் இல்லை. வெளியீட்டுக் கோப்புத் தொகுப்பில் மட்டும் அதை இயக்கும் வரிகள் சேர்ந்திருந்தன. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்ததால்தான் பிடிபட்டது. மூல நிரலை யார் தொகுத்தாலும் ஒரே கோப்பு வரவேண்டும் என்ற மறுதொகுப்பு இயக்கத்துக்கு அதன்பின் வேகம் கூடியது.

இன்று இந்த மென்பொருள் நிபுணர்களின் கணினியில் மட்டும் இல்லை. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் பூட்டுவது சிக்னல் என்ற திறமூல நெறிமுறைதான். பரனூர் தொழிற்பேட்டைக்கு ரயிலேறும் ஊழியர் கையிலும், மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் விற்பவர் கையிலும் இருப்பது ஒரே பூட்டு. ஆனால் கூடுதல் வசதி வேண்டும் என்று, வாட்ஸ்அப்பை யாரோ மாற்றியமைத்த ‘ஜிபி வாட்ஸ்அப்’பை ஏற்றிக்கொண்டவரின் பூட்டைக் கொண்டுவந்து மாட்டியவர் யார் என்பது அவருக்கே தெரியாது. போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் என்ற பெயர்களில் வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்புகளுக்கும் இது பொருந்தும். பிளே ஸ்டோர், திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு, வெளியீட்டாளரின் சொந்தத் தளம் தவிர வேறெங்கிருந்து வந்ததையும் நிறுவ வேண்டாம். நிறுவிப் பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.