இரண்டாயிரம் வண்டி பேசிய கதை

1963 ஆகஸ்டில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 130ஆவது தெருவில் இருந்த ஓர் அலுவலகத்தின் பெரிய கவலைகளில் ஒன்று மயோனைஸ். இரவெல்லாம் பஸ்ஸில் கிடந்து, மறுநாள் வாஷிங்டன் வெயிலிலும் காய்ந்த சாண்ட்விச்சில் மயோனைஸ் இருந்தால் கெட்டுப்போகும். அதைத் தின்றால் வயிறு போகும். ஒரு லட்சம் பேர் கூடும் மைதானத்தில் வயிறு போக ஆரம்பித்தால், எந்தத் தலைவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் கேட்க ஆள் இருக்காது. எனவே மயோனைஸ் வேண்டாம், வேர்க்கடலை வெண்ணெயும் ஜாமும் தடவிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லப்பட்டது.

வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் ஊர்வலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் பேசிய கனவு உரை. யூட்யூபில் பார்த்திருப்போம். அந்த வீடியோவில் கேமரா ஒருமுறை கூட்டத்தின் பக்கம் திரும்பும். சுமார் இரண்டரை லட்சம் பேர். எனக்கு அந்த இடத்தில்தான் வேறு கேள்வி வந்தது: இவ்வளவு பேரும் எப்படி வந்தார்கள்? யார் வண்டி பேசினார்கள்?

வண்டி பேசுவது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். எங்கள் அலுவலகத்தில் டீம் அவுட்டிங் என்றால் அது எப்படியோ என் தலையில்தான் வந்து விழும். வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுபவர்கள் ஒரு கணக்கு. காசு கொடுப்பவர்கள் ஒரு கணக்கு. காலை 5 மணிக்கு பஸ்ஸில் ஏறுபவர்கள் மூன்றாவது கணக்கு. மூன்றும் ஒருநாளும் ஒத்துப்போகாது. வண்டிக்காரருக்கு இந்தத் தத்துவமெல்லாம் கிடையாது. “எத்தன சீட்டு சார், எத்தன மணிக்கு எடுக்கணும், அட்வான்ஸ் எப்போ போடுவீங்க?” அவ்வளவுதான். நாற்பது பேருக்கே இந்தப் பாடு.

அமெரிக்காவில் அந்த வேலைக்குக் கிடைத்த அவகாசம் எட்டு வாரம். ஆறு பெரிய உரிமை இயக்கங்களின் தலைவர்கள் நியூயார்க்கில் கூடி ஊர்வலத்தை உறுதிசெய்தது ஜூலை 2. அங்கிருந்து ஆகஸ்ட் 28 வரை 57 நாட்கள். மின்னஞ்சல் இல்லை. எக்ஸெல் இல்லை. தொலைபேசி, தபால், தட்டச்சுப் பொறி, கார்பன் தாள். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டால் நிமிடத்துக்குக் காசு.

ஊர்வலத்தின் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப். ரயில்களின் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்களின் சங்கத்தைக் கட்டியவர். 1941லேயே அவர் இப்படி ஓர் ஊர்வலத்தை அறிவித்தார். ஜூன் 25 அன்று ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்து ஆணை எண் 8802ஐப் பிறப்பித்தார், ஊர்வலம் கைவிடப்பட்டது. வண்டி கிளம்பாமலேயே பாதி வேலை முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் நிஜமாகவே எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. 22 வருடம் கழித்து அதைக் காட்டியாக வேண்டியிருந்தது.

ராண்டால்ஃபுக்குக் கீழே துணை இயக்குநர் பேயர்ட் ரஸ்டின். உண்மையில் எல்லாவற்றையும் நடத்தியவர் இவர்தான். முதல் இடத்தில் இவரை உட்காரவைக்கக் கூடாது என்று ராய் வில்கின்ஸ் போன்ற தலைவர்களே எதிர்த்தார்கள். ரஸ்டின் தன்பாலீர்ப்பாளர், அதற்காக 1953இல் கைதாகித் தண்டனை பெற்றவர், இளமையில் கம்யூனிஸ்டு இளைஞர் அமைப்பில் இருந்தவர், உலகப் போரின்போது ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். எதிரிகளுக்கு இதில் ஒன்று போதும். ராண்டால்ஃப் ஒரு வேலை செய்தார். சரி, நானே தலைவராக இருக்கிறேன், என் துணையை நானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன் என்றார். ரஸ்டினைத் தேர்ந்தெடுத்தார். ஆகஸ்டில் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் செனட் சபையிலேயே ரஸ்டினின் பழைய வழக்கை எடுத்துவைத்துத் தாக்கினார். இந்த முறை தலைவர்கள் ரஸ்டின் பக்கம் நின்றார்கள்.

ரஸ்டினுக்கும் பஸ்ஸுக்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்களில் நிறம் பார்த்து இடம் பிரிப்பது செல்லாது என்று 1946இல் ஐரீன் மார்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது, பஸ்ஸில் இருக்கிறதா என்று பார்க்க 1947இல் 16 ஆண்கள் கிளம்பினார்கள். எட்டு கறுப்பினத்தவர், எட்டு வெள்ளையர். டிக்கெட் எடுத்து, ஏறி, பிடித்த சீட்டில் உட்காருவது மட்டுமே போராட்டம். வட கரோலினாவில் ரஸ்டின் கைதானார். பிறகு 1949இல், காலில் சங்கிலியிட்டு ரோடு வேலைக்கு அனுப்பும் கைதிக் கும்பலில் 22 நாள் இருந்தார். நடுவில் 1948இல் இந்தியா வந்து காந்தியர்களைச் சந்தித்துவிட்டுப் போயிருக்கிறார்.

1955 டிசம்பரில் மாண்ட்கமரி நகர பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்ததும், 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் இருந்ததும் பாடப்புத்தகச் செய்தி. அவரை ஜாமீனில் எடுக்கப் போன இ. டி. நிக்ஸன், ராண்டால்ஃபின் சங்கத்து ரயில் பணியாளர். பஸ் ஏறாமல் இருப்பது என்றால் வீட்டில் உட்கார்ந்திருப்பது இல்லை. தினமும் ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டும். சர்ச்சுகள் வண்டி வாங்கின. எங்கே யாரை ஏற்றுவது என்று பட்டியல் போட்டார்கள். உள்ளூர் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டபோது லண்டன் லாய்ட்ஸ் வழியாகக் காப்பீடு எடுத்தார்கள். 1956இல் ரஸ்டின் அங்கே போய் கிங்குக்கு ஆலோசனை சொன்னார். கூட்டத்தை எப்படி நகர்த்துவது என்பது 1963க்குள் இந்த இயக்கத்தின் கைப்பழக்கமாக ஆகியிருந்தது என்றே நினைக்கிறேன். நாம் அதைக் கவனிப்பதில்லை, பேச்சைத்தான் கவனிக்கிறோம்.

ஊர்வலத்தின் போக்குவரத்துப் பொறுப்பு ரேச்சல் ஹோரோவிட்ஸ் என்ற இளம்பெண்ணிடம் கொடுக்கப்பட்டது. 24 வயது. எந்த ஊரில் எந்த சர்ச், எந்தச் சங்கம் எத்தனை வண்டி பேசியிருக்கிறது என்ற கணக்கு அவரிடம் வந்து சேர வேண்டும். என் தொழில் பாஷையில் சொன்னால், மத்திய அலுவலகம் எல்லா பஸ்ஸையும் தானே புக் செய்யவில்லை. அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே பேசினார்கள், காசையும் தாங்களே திரட்டினார்கள். மையம் விதிகளையும் நேரத்தையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டது. இது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. ஓர் ஊர் சர்ச் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் அது வெறும் ஆதரவுத் தீர்மானம் இல்லை. காலி சீட்டின் நஷ்டம் அவர்களுடையது. ஆகவே அந்த சீட்டை நிரப்பும் வேலையும் அவர்களுடையது.

நியூயார்க்கிலிருந்து போய்வர ஒரு சீட்டு 8 டாலர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட். அதாவது ஒரு சீட்டு, ஏழு மணி நேர உழைப்பு. ஆகஸ்ட் 28 புதன்கிழமை வேறு. அன்றைய கூலியும் போச்சு. இதிலும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் வந்தவர்களுக்குத்தான் அந்த 1.15. வீட்டுவேலை செய்த பெண்கள் அந்தச் சட்டத்துக்கே வெளியே இருந்தார்கள். ஊர்வலத்தின் கோரிக்கைகளில் ஒன்று, குறைந்தபட்சக் கூலி 2 டாலர் ஆக வேண்டும் என்பது. பஸ் டிக்கெட்டையும் இந்தக் கோரிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ‘வேலைக்கும் விடுதலைக்கும்’ என்ற பெயரில் வேலை ஏன் முதலில் வருகிறது என்று தெரிகிறது. வேலையில்லாதவர்களை இலவசமாகக் கூட்டிவர ஒவ்வொரு ஊரும் நிதி திரட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது. 25 சென்ட் பேட்ஜ் விற்றார்கள்.

நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் 360 கிலோமீட்டர் சொச்சம். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் காலையில் சேர்ந்துவிடலாம். அலபாமாவின் பர்மிங்காமிலிருந்து கிளம்புபவர்களுக்கு அது சுமார் 1,200 கிலோமீட்டர், பெரும்பகுதி தெற்கு மாநிலங்கள் வழியாக. இரண்டே வருடம் முன்பு, 1961 மே 14 அன்று, அதே அலபாமாவின் ஆனிஸ்டனில் சுதந்திரப் பயணிகள் வந்த கிரேஹவுண்ட் பஸ்ஸை ஒரு கும்பல் மறித்துத் தீவைத்தது. அந்த வருடம் நவம்பர் 1 முதல் பஸ் நிலையங்களில் வெள்ளையருக்கு மட்டும் என்ற பலகை இருக்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது. பஸ் நிலையத்துக்குத்தான் அந்த விதி. நெடுஞ்சாலை ஓர ஹோட்டல்காரருக்கு அப்படி ஒரு தேசியச் சட்டம் இன்னும் இல்லை. எந்த ஊரில் எந்த விடுதியில் கறுப்பினத்தவர் நம்பி இறங்கலாம் என்று சொல்வதற்காகவே 1936 முதல் ‘கிரீன் புக்’ என்றொரு கையேடு வந்துகொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு அமைப்பாளர்களின் கையேட்டைப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் வேறு அர்த்தம் வருகிறது. மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவாருங்கள். தட்டையான செருப்பு போடுங்கள். மது வேண்டாம். நம் ஊரில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது மாதிரிதான், ஆனால் நாம் கட்டுவது காசை மிச்சம் பிடிக்க, ருசிக்காகவும். அவர்களுக்கு, பாதி வழியில் இறங்கிக் கேட்டால் சோறு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. வரமுடியாதவர்கள் பலர் சாப்பாடு கட்டிக்கொடுத்தார்கள். நியூயார்க்கின் ரிவர்சைட் சர்ச்சில் தன்னார்வலர்கள் 80,000 பொட்டலம் போட்டார்கள்: ஒரு சீஸ் சாண்ட்விச், ஒரு ஆப்பிள், ஒரு துண்டு கேக். விலை 50 சென்ட்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கேப்டன். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனி மரியாதை உண்டு. வண்டியில் யார் யார் என்ற பட்டியல் கேப்டனிடம் இருக்க வேண்டும். வண்டி எங்கே நிற்கும், திரும்ப எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். நம் நாட்டிலும் டூரிஸ்ட் பஸ்ஸில் பயணிகள் பட்டியல் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; செக்போஸ்ட்டில் கேட்பார்களே என்று அவசரமாக எழுதுவோம். இங்கே அந்தப் பட்டியல் யாரும் தொலைந்துபோகாமல் இருப்பதற்கு. இரண்டாயிரம் பஸ், எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. மாலையில் இருட்டுவதற்குள் எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். அரசுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, ஏனென்றால் அரசு பயந்துபோய் இருந்தது. அன்றைக்கு வாஷிங்டனில் மது விற்பனையை நிறுத்தினார்கள், ராணுவத்தைத் தயார்நிலையில் வைத்தார்கள்.

கடைசி இரவு ஹார்லெம் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்க ஆள் வேண்டும். பஸ் எங்கே நிற்கிறது, இடம் இருக்கிறதா என்று கேட்டு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். யேலில் சட்டம் படித்துக்கொண்டிருந்த எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் அதற்கு நின்றார். எல்லோரும் போன பிறகு, காலையில் விமானம் பிடித்துப் போனார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபோதுதான் கூட்டத்தைக் கண்டார். பின்னாளில் அதே வாஷிங்டனின் பிரதிநிதியாகக் காங்கிரஸில் உட்கார்ந்தார்.

தரையில் இருந்த ரஸ்டினுக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. அதிகாலையில் மைதானம் ஏறக்குறைய காலி. பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொண்டு எங்கே உங்கள் கூட்டம் என்று கேட்கிறார்கள். ரஸ்டின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், எல்லாம் திட்டப்படி போகிறது என்கிறார். தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெற்றுத்தாள்.

காலை 8 மணிக்கு பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதை வழியாக மணிக்கு 100 பஸ்கள் வந்துகொண்டிருப்பதாக மேரிலாண்ட் போலீஸ் சொன்னது. 36 நொடிக்கு ஒரு பஸ். மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேல். கூடவே 21 சிறப்பு ரயில்கள், 10 தனி விமானங்கள், எண்ண முடியாத அளவு கார்கள்.

மேடையில் முக்கிய உரை எதுவும் பெண்ணுக்குக் கொடுக்கப்படவில்லை. அமைப்புக் குழுவிலிருந்த ஆனா ஆர்னால்ட் ஹெட்ஜ்மன் முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்திருந்தார். டெய்சி பேட்ஸ் சில வரிகள் பேச அனுமதிக்கப்பட்டார். ரோசா பார்க்ஸ் வந்திருந்தார். பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார்கள், பேசச் சொல்லவில்லை. வண்டிக் கணக்கும் சாப்பாட்டுக் கணக்கும் டெலிபோனும் பெண்களிடம், மைக் ஆண்களிடம். இது நமக்கும் நன்றாகத் தெரிந்த ஏற்பாடுதான்.

மாலையில் பேச்சு முடிந்தது. கேப்டன்கள் தலை எண்ணினார்கள். வண்டிகள் கிளம்பின. 18 நாள் கழித்து, செப்டம்பர் 15 ஞாயிறு காலை, பர்மிங்காமின் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள்.

நெடுஞ்சாலை ஹோட்டல்களைத் திறந்துவிட்ட குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது 1964 ஜூலை 2 அன்று, நியூயார்க்கில் தலைவர்கள் கூடி ஊர்வலத்தை உறுதிசெய்த நாளிலிருந்து சரியாக ஒரு வருடம். 2 டாலர் கூலி வர இன்னும் நேரமாயிற்று. 1974 மே 1 அன்றுதான் அது அமலுக்கு வந்தது. அதற்குள் விலைவாசி ஏறி, அந்த 2 டாலர் பழைய 2 டாலராக இல்லை. வீட்டுவேலை செய்பவர்களைக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் அதே 1974இல்தான்.