காணாமல் போன கண்ணாடி

ஒரு பைரக்ஸ் கண்ணாடிக் குச்சியை கிளிசரினில் முக்கிப் பாருங்கள். முங்கிய பகுதி மாயமாய் மறைந்துவிடும்! மந்திரமில்லை. இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.47. எங்கே கண்ணாடி முடிகிறது, எங்கே திரவம் தொடங்குகிறது என்று ஒளிக்கே தெரியாது. அவ்வளவுதான்!

பள்ளிக்கூட வேடிக்கைதான். ஆனால், லேசர் ஆயுதக்காரர்கள் இதைத் தேடி வந்த கதை சுவாரஸ்யமானது.

1960 மே 16. கலிபோர்னியாவின் மாலிபு. ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன், சின்ன மாணிக்கக் கல் ஒன்றைச் சுற்றி ஃப்ளாஷ் விளக்கை மின்ன வைக்க, உலகின் முதல் லேசர் பிறந்தது. கூடவே ஒரு வில்லனும் வந்து சேர்ந்தான். சூடு! தண்டு வடிவக் கல்லுக்கு வெளியே குளிரூட்டினால், நடுப்பகுதி கொதித்துக் கொண்டேயிருக்கும். கல்லே லென்ஸாக மாறி ஒளியைக் கெடுக்கும். சமயத்தில் விரிசலே விழும்.

இட்லியைவிட தோசை சீக்கிரம் ஆறும், இல்லையா? 1990-களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் அடால்ஃப் கீசன் குழுவினர் செய்தது அதைத்தான். தண்டை விட்டுவிட்டு, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தடிமனுள்ள வட்டத்தகட்டை எடுத்தார்கள். முதுகில் கண்ணாடிப் பூச்சு, அதன் பின்னால் குளிர்ந்த உலோகம். சூடு சட்டென்று இறங்கியது.

நிறைய சக்தி வேண்டுமென்றால் நிறையத் தகடுகளை அடுக்கி, இடையில் திரவத்தை ஓடவிடலாமே? இங்கேதான் சிக்கல். காற்றில் இருக்கும் சாதாரணக் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவிகித ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பி.காம் படித்த எனக்கு இது கூட்டுவட்டிக் கணக்கு, ஆனால் தலைகீழாக! 50 தகடு, 100 பரப்பு என்றால் நூறு ரூபாய் ஒளியில் கடைசியில் மிஞ்சுவது இரண்டு ரூபாய்கூட இல்லை.

கிளிசரின் வித்தை கைகொடுப்பது இங்கேதான். தகட்டின் விலகல் எண்ணே கொண்ட திரவம் ஓடினால், ஒளிக்குப் பரப்பே தென்படாது. சூட்டையும் திரவம் வாரிக்கொண்டு போய்விடும். ஆனால், சூடேறினால் திரவத்தின் எண் கண்ணாடியைவிட வேகமாக மாறும். ஓட்டம் கொஞ்சம் பிசகினாலும் கோடை நெடுஞ்சாலையின் கானல் மாதிரி ஒளி அலைபாயும்.

அமெரிக்காவின் டார்ப்பா அமைப்புக்காக ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனம் செய்த 'ஹெல்லாட்ஸ்' லேசர், திரவத்தால் சூட்டை விரட்டும் இந்த வழியில் வந்ததுதான். இலக்கு 150 கிலோவாட். கிலோவாட்டுக்கு 5 கிலோ எடை, அதாவது மொத்தமே 750 கிலோ. விமானத்தில் ஏற்ற வேண்டுமே! 2015-இல் களச் சோதனைக்குத் தயார் என்று டார்ப்பா அறிவித்தது.

அடுத்த முறை லேசர் ஆயுதம் பற்றிச் செய்தி வந்தால், எத்தனை கிலோவாட் என்று மட்டும் பார்க்காதீர்கள். அத்தனை சூட்டையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.