பசுவின் மேல் போட்ட பழி

சிக்காகோ என்றதும் விவேகானந்தர் 1893இல் ஆற்றிய உரையே எமக்கு நினைவுக்கு வரும். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அந்நகரின் நடுப்பகுதி சாம்பல்மேடாகக் கிடந்தது.

அன்றைய சிக்காகோவில் வீடும் பலகை, நடைபாதையும் பலகை. மழையில்லாத கோடை வேறு. 1871 ஒக்டோபர் 8ஆந் திகதி இரவு, டிகோவன் வீதியில் கதரின் ஓலியரி என்பவரின் மாட்டுக் கொட்டிலில் மூண்ட தீ, காற்றோடு ஆற்றையும் தாண்டியது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஒரு இலட்சம் பேர் வீடிழந்தனர். ஓலியரியின் வீடு தப்பியது.

அயலவருக்குப் பால் விற்றுப் பிழைத்தவர் கதரின். பால் கறக்கையில் பசு லாம்பை உதைத்துவிட்டதாம். பத்திரிகைகள் இப்படி எழுதின. தாம் அப்போது படுக்கைக்குப் போய்விட்டதாக அவர் விசாரணையிற் சொன்னார். விசாரணையாளருக்கும் காரணம் அகப்படவில்லை. ஆயினும் கதை நிலைத்துவிட்டது. ஏழை, பெண், அயர்லாந்திலிருந்து வந்தேறிய கத்தோலிக்கர். பழிபோட இதைவிட வசதியான ஆள் கிடைப்பாரா?

நகரம் விரைவாகவே எழுந்தது. 1885இல் இரும்புச் சட்டகத்தில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றையும் கட்டி முடித்தார்கள். கதரின் 1895இல் கண்மூடினார். அவர்மீது குற்றமில்லை என்று சிக்காகோ மாநகர சபை தீர்மானம் நிறைவேற்றியது 1997இல்.