மகோதர நீரும் நோயறிகலையும்

வயிற்றறையிலே நீர் நிறைந்து பெருக்கும் பிணியைத் தமிழ் மருத்துவர் மகோதரம் என்றனர். கிரேக்கரோ தோற்பையைக் குறிக்குஞ் சொல்லினின்றும் அதற்குப் பெயர் அமைத்தனர். இசைமேதை பீதோவனுக்கு, 1826ஆம் ஆண்டு திசெம்பர் மாதந் தொடங்கி, வியன்னா நகரிலே நான்கு முறை வயிற்றைத் துளைத்து நீர் வாங்கினர். 1827ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆந் திகதி அவர் இறந்தபின், உடலைப் பிளந்து நோக்கியபோதே சுருங்கிக் கணுக்கட்டிய ஈரல் வெளிப்பட்டது. வடித்த நீர் அம்மூலத்தை உணர்த்திற்றில்லை.

பின்வந்தோர் நீரின் புரதத்தை அளந்தனர். குருதியின் அல்புமினுக்கும் நீரின் அல்புமினுக்குமுள்ள வேறுபாடு 100 மில்லிலீற்றருக்கு 1.1 கிராமோ அதனின் மிக்கதோ ஆயின், ஈரல்வாயினாளத்து அமுக்கமே காரணமென இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தெளிந்தனர். குறையுமிடத்து ஐயுறத்தக்கவற்றுள் தலையாயவை இரண்டு: கசரோகம், புற்றுநோய்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே பெருஞ்சிக்கல். முன்னது மருந்தினால் மாறுவது; பின்னது பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே வயிற்றில் நீரைச் சேர்ப்பது. உரோபேட்டு கோக் 1882இல் கசக்கிருமியைக் கண்டறிந்தாராயினும், வயிற்று நீரில் அக்கிருமி மிக அரிதாகவே இருத்தலின் நுணுக்குக்காட்டிக்கு எளிதில் அகப்படாது. வளர்த்துப் பார்க்க வாரங்கள் பல செல்லும். சூலகப் புற்றுநோயின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட சீ.ஏ. 125 என்னும் புரதம் கசரோகத்திலும் உயர்வதாற் பெண்கள் சிலர் வீணே சத்திரசிகிச்சைக்கு உள்ளாயினர்.

இனி, கிருமியைத் தேடாது, கிருமியைக் கண்ட உடல் விடுக்குந் தூதைத் தேடினாலென்ன? இவ்வழிக்கு வித்திட்டோர் வேறொன்றை நாடியவர்களே. 1957இல் இலண்டனிலே ஐசாக்சும் இலிண்டன்மானும் கோழிமுட்டைச் சவ்விலே வைரசுகளை ஆராயும்போது இன்ரர்பெரோனைக் கண்டனர். அவ்வினத்ததாகிய காமா இன்ரர்பெரோன் 1965இல் அறியப்பட்டது. வெண்குழியங்கள் பிற குழியங்களைக் கசக்கிருமியின்மேல் ஏவுதற்கு விடுக்குந் தூது இதுவே. இத்தகையவற்றுக்கு 1974இல் சைற்றோக்கைன் என்னும் பொதுப்பெயர் வழங்கலாயிற்று. கசரோக மகோதர நீரிலே காமா இன்ரர்பெரோன் மிகுந்தும், புற்றுநோய் நீரிலே குறைந்துங் காணப்பட்டமை நோயறிகலைக்குப் பெரும்பேறாம்.

ஆயினும், எல்லாத் தூதும் ஒரு பொருளையே உரைப்பதில்லை. ஈரல் நலிந்தோரின் வயிற்று நீரிற் பற்றீரியாக்கள் தொற்றும்போது இன்ரர்லியூக்கின் 6 பெருகும். தொற்றில்லாதபோதும் அஃது ஓரளவு அங்கு உண்டு. ஆதலின், ஒரு கன மில்லிமீற்றரில் 250 நடுநாட்ட வெண்குழியங்கள் என்னும் எண்ணிக்கையே அங்குத் தீர்ப்பளிக்கின்றது. கசரோகத்திலும், காமா இன்ரர்பெரோனை அளத்தல் செலவுமிக்கதாகையால், அடினோசின் டீஅமினேசு என்னும் நொதியமே பல நாடுகளில் அளக்கப்படுகின்றது. கிருமியை வளர்த்துக் காணும் பழைய முறையுங் கைவிடப்படவில்லை. எம்மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்பதைச் சைற்றோக்கைன் சொல்லமாட்டாது.