நாலு காலும் ஒரே நடை

போன ஐப்பசியில, மலையடிவாரத் தோட்டத்தில் இருந்து ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னாடி களையெடுப்பு முடித்த ஆறு பேர். மண் பாதை முடிந்து தார் ரோடு வந்தது. முதல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், வண்டி ஒடியவில்லை. நேரா போகத்தான் பார்க்குது. பாலத்துக் கட்டைக்கு ஒரு முழம் முன்னாடி பிரேக்கில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குக் கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆச்சு.

ஃபோர் வீல் லிவரை எடுக்கப் பார்த்தால் அது அசையவே இல்லை. மெக்கானிக் தம்பிக்கு போன் போட்டேன். "அண்ணே, எல்லாரையும் எறக்கி விடுங்க. முன் வீல் ஒண்ண ஜாக்கி போட்டுத் தூக்குங்க. கிட்ட நிக்காதீங்க" என்றான். டயர் தரையை விட்டதும் யாரோ சுத்தி விட்ட மாதிரி 'விர்'ரென்று தானே சுற்றி நின்றது. லிவர் வெண்ணெய் மாதிரி வந்தது.

அன்றைக்கு ராத்திரி தம்பி வந்து டயரைப் பார்த்துவிட்டுக் கேட்டான், "பின்னாடி மட்டும் பெருசா போட்டீங்களாண்ணே?" ஆமாம். முன்னாடி 215/75 ஆர் 15. பின்னாடி ரெண்டு தேய்ந்துபோய், லோடு நல்லா தாங்கும்னு சொன்னதைக் கேட்டு 235/75 ஆர் 15 வாங்கிப் போட்டேன். நாலையும் மாற்றக் கையில் காசில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் இந்தத் தப்புக்குப் பின்னால் எண்பது வருஷ வரலாறு ஒன்று இருக்கிறது.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் சின்ன உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. நாலு சக்கரத்துக்கும் இழுவை வேணும், எடை ரொம்பக் குறைவா இருக்கணும், மாதிரி வண்டி 49 நாளில் வரணும். பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பேண்டம் என்ற சின்னக் கம்பெனி செப்டம்பர் 23-ம் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்குப் பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து, போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின.

வில்லிஸ் ஜீப்பில் நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது. வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் சுற்ற விடுகிறதே, அந்த டிஃப்ரன்ஷியல் முன் ஆக்சிலில் ஒன்று, பின் ஆக்சிலில் ஒன்று உண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இல்லை. ஃபோர் வீலைப் போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். ஒரே நுகத்தடியில் ரெண்டு மாடு கட்டின மாதிரி. அதில் ஒன்று எட்டு வைத்து நடந்தாலும் தனியாக முந்த முடியாது.

சேற்றில் இது பெரிய பலம். ஒரு பக்கம் வழுக்கினாலும் மறுபக்கம் இழுக்கும். திரும்பும்போது முன்சக்கரம் கொஞ்சம் அதிக தூரம் போகணுமே? மண் நெகிழும், டயர் லேசா வழுக்கிக் கணக்கைச் சரி பண்ணிக்கொள்ளும். நடு டிஃப்ரன்ஷியல் செய்ய வேண்டிய வேலையை மண்ணே செய்துவிடுகிறது. தார் ரோடு நெகிழாது. அதனால்தான் ராணுவக் கையேடே சாதாரண ரோட்டில் முன் ஆக்சில் இழுவையை எடுத்துவிடச் சொன்னது. டயரும் எல்லாச் சக்கரத்துக்கும் 6.00-16, ஒரே அளவு.

1945-லேயே வில்லிஸ் அந்த வண்டியை விவசாயிக்கு என்று சிஜே-2ஏ ஆக விற்க ஆரம்பித்தது. 1947-ல் பம்பாயில் மஹிந்திரா, பெட்டிகளில் வந்த பாகங்களைக் கோர்த்து ஜீப் கட்டத் தொடங்கியது. 1948-ல் வந்த இங்கிலாந்து லேண்ட் ரோவர் வேறு வழி பார்த்தது. முன்சக்கரம் முந்த வேண்டுமென்றால் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொள்ள ஒரு ஃப்ரீவீல் வைத்தார்கள். சில வருஷத்தில் அதை எடுத்துவிட்டு, வேண்டும்போது போட்டுக்கொள்ளும் முறைக்கே வந்தார்கள். 1970-ல் ரேஞ்ச் ரோவர் நடு டிஃப்ரன்ஷியலோடு வந்தது. எங்களைப் போன்றவர்கள் கைக்கு வந்ததெல்லாம் அந்தப் பழைய பூட்டு வண்டிதான். விலை குறைவு, ரிப்பேர் சுலபம்.

இப்போ என் டயருக்கு வருவோம். 215/75 ஆர் 15 குறுக்களவு 703.5 மி.மீ. 235/75 ஆர் 15 குறுக்களவு 733.5 மி.மீ. பார்த்தால் மூணு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒரு சுற்றுக்குப் பெரிய டயர் 9 சென்டிமீட்டர் அதிகம் போகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சின்ன டயர் 452 சுற்று, பெரியது 434 சுற்று. என் ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38. அப்படியென்றால் கிலோமீட்டருக்கு முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டைவிட ஏறத்தாழ 100 சுற்று கூடுதலாகப் போக ஆசைப்படுகிறது. பூட்டு விடாது. வளைவே இல்லாத நேர் ரோட்டில்கூட முறுக்கு ஏறிக்கொண்டே போகும். பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் பிரேக் பிடித்த மாதிரி இழுக்கும். அன்றைக்கு என் ஸ்டியரிங் ஒடியாததற்குக் காரணம் அதுதான். ஜாக்கியில் தூக்கினதும் விர்ரென்று போனது, அதுவரை அடைபட்டிருந்த முறுக்கு. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் ஜாயிண்டோ பல்லோ உடைந்திருக்கும்.

"டிராக்டருக்கு முன்னாடி சின்னது, பின்னாடி பெருசுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நாலு சக்கர இழுவை டிராக்டரில் அந்த வித்தியாசத்துக்கு ஏற்றபடி பல்சக்கரத்தையே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். முன்சக்கரம் நூற்றுக்கு ஒன்றில் இருந்து ஐந்து பங்கு வரை முந்தி இழுக்கும். அங்கேயும் இஷ்டத்துக்கு டயர் அளவை மாற்றினால் இதே கதைதான்.

நகரத்தில் இந்த மாதிரி லிவர் போட்ட வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் டேப்பால் அளந்து பாருங்கள். நாலுக்கும் செய்யுங்கள். அளவு எண் ஒன்றாக இருந்தாலும், புது டயரில் 8 மி.மீ. பட்டனும் தேய்ந்ததில் 2 மி.மீ.யும் இருந்தால் குறுக்களவில் 12 மி.மீ. போய்விடும். மாற்றினால் நாலாக மாற்றுங்கள். முடியாவிட்டால் சேறு, மணல் தவிர வேறெங்கும் அந்த லிவரைத் தொடாதீர்கள்.

நான் அடுத்த வாரமே கடலை விற்ற காசில் இன்னும் ரெண்டு 235 வாங்கிவிட்டேன். பழைய 215 ரெண்டும் இப்போ டிரெய்லரில் ஓடுது. களையெடுப்புக்கு அந்த ஆறு பேரும் மறுபடி வந்தார்கள். ஜீப்பில் ஏறும் முன்னாடி ஒரு அக்கா குனிந்து டயரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாங்க.