பாணமை: பாதயாத்திரை வழியில் ஓர் ஊர்

வழிபாட்டுத் தலங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூலத்தானத்திலிருந்தே தொடங்குவர். தலத்தின் தோற்றம் பற்றிய ஐதிகம், மன்னர் அளித்த மானியம், திருவிழாவின் சிறப்பு என்பன வரிசையாக வரும். அத்தலத்தை நாடி நூற்றுக்கணக்கான மைல் நடந்த ஏழை மக்கள் எங்கே படுத்து உறங்கினர், எவர் வீட்டுக் கிணற்றில் நீர் மொண்டனர், எவர் விளைவித்த நெல்லை உண்டனர் என்ற வினாக்கள் எழுவதே இல்லை. கோயிலைக் கட்டியவன் மன்னனாக இருக்கலாம்; கோயிலுக்குச் செல்லும் வழியைக் காத்தவர் வழியோரத்து ஊரவரே. இவ்வுண்மையைக் கதிர்காமப் பாதயாத்திரையைப்போல் தெளிவாகக் காட்டும் சான்று நம் நாட்டில் வேறில்லை.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் எனக் கீழைக் கரையோரமாக ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்து, ஆடித் திருவிழாக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமத்தை அடைவர். வழிநெடுகக் கோயில் முன்றில்களே அவர்களுக்குச் சத்திரங்கள். பொத்துவிலையும் அறுகம் குடாவையும் கடந்து தெற்கே சென்றால் பாணமை என்னும் சிற்றூர் வரும். குளமும் வயலும் களப்பும் சேனைக் காடும் சூழ்ந்த ஊர் அது. அதற்கப்பால் உகந்தைமலை முருகன் கோயில். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கிய துறை அதுவென ஐதிகம் கூறும். உகந்தைக்கு அப்பால் குமனைக் காடும் கும்புக்கன் ஆறும் யால வனமும். யானையும் கரடியும் உலவும் அவ்வனத்துக்குள் கடை இல்லை, வீடு இல்லை, நம்பத்தக்க கிணறும் இல்லை.

ஆகவே, இவ்வழியில் மக்கள் நிலையாக வாழும் கடைசி ஊர் பாணமையே. காட்டுவழிக்கு வேண்டிய அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி யாவற்றையும் இங்கேயே மூட்டை கட்டிக்கொள்ளல் வேண்டும். நோயுற்றோர் தொடர்ந்து நடப்பதா, திரும்புவதா என்பதை முடிவு செய்வதும் இவ்விடத்திலேதான். பிள்ளையார் கோயில் வளவில் இளைப்பாறும் யாத்திரிகர்களுக்கு இவ்வூர் ஓரிரு நாட்களின் தங்குமிடம் மட்டுமே. ஊரவருக்கோ அது தலைமுறை தலைமுறையாக வந்த கடமை.

அவ்வூரவர் யார்? இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடையிறுக்க முடியாது என்பதே பாணமையின் வரலாற்றுச் சிறப்பு. பாணமைப்பற்று கண்டி இராச்சியத்தோடு தொடர்புடையதாய் விளங்கியது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1817-18இல் எழுந்த ஊவா வெல்லச எழுச்சி கொடூரமாக நசுக்கப்பட்டது. வயல்கள் எரிக்கப்பட்டன, குளங்கள் பாழாக்கப்பட்டன. அக்காலத்தில் ஊவாவிலிருந்து தப்பி வந்தோரின் வழித்தோன்றல்களே தாம் எனப் பாணமைச் சிங்களவர் கூறுவது வழக்கம். அவர்கள் வந்து சேர்ந்த கரையோரத்திலோ தமிழரும் வாழ்ந்தனர். இரு சாராரும் ஒரே குளத்து நீரால் வயல் விளைத்தனர். ஒருவர் மொழியை மற்றவர் பேசினர். தம்முள் மணமும் செய்தனர்.

மானிடவியலாளர் நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட தமது நூலில் இம்மண உறவுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். எனினும் இதனைக் கொண்டு பாணமையை ஒரு பொன்னுலகமாகக் கற்பித்தல் தகாது. ஒத்த சாதித் தகுதி உடையோரெனத் தம்மைக் கருதியோரிடையேதான் மொழி வேற்றுமை மணத்துக்குத் தடையாகவில்லை. இனத்தின் வேலி தாழ்ந்திருந்த இடத்திலும் சாதியின் வேலி நின்றது. ஆயினும் இனமென்பது பிறப்போடு வந்த மாறாத குணம் என்று முழங்குவோர்க்கு இச்சிற்றூர் போதிய மறுமொழி.

வழிபாட்டிலும் இக்கலப்பைக் காணலாம். தமிழர்க்குக் கண்ணகி, சிங்களவர்க்குப் பத்தினி. சிலப்பதிகாரம் குறிப்பிடும் இலங்கைக் கயவாகு மன்னனோடு இவ்வழிபாட்டின் வருகையை இரு மரபினரும் தொடர்புபடுத்துவர். மட்டக்களப்புத் தமிழர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து ஆடிய கொம்புமுறியும், சிங்களவர் இரு பிலவாகப் பிரிந்து ஆடும் அங்கெலியவும் ஒரே சடங்கின் இரு பெயர்களே. கொக்கியாகப் பிணைத்த இரு கொம்புகளை இரு கட்சியினரும் கயிறு பூட்டி இழுப்பர். ஒரு கொம்பு முறியும். வென்றோர் தோற்றோரை நையாண்டி செய்வர். கோவலன் கட்சி ஒன்று, கண்ணகி கட்சி மற்றொன்று. இச்சடங்கைப் பேணிவந்த ஊர்களுள் பாணமை பெயர்பெற்றது. கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் இதனை ஆழமாக ஆராய்கின்றது. ஊர் இரண்டாகப் பிரிந்தது உண்மை. ஆனால் அது மொழியால் பிரிந்த பிரிவன்று, விளையாட்டால் பிரிந்த பிரிவு. விழா முடிந்ததும் மறையும் பிரிவு.

மறையாத பிரிவை வகுத்தது அரசே. 1871இல் இலங்கை முழுவதற்குமான முதற் குடிசனமதிப்பு எடுக்கப்பட்டது. அன்று தொட்டு ஒவ்வொருவரும் தமது இனம் இன்னதென ஒரு கட்டத்துள் அடைபடல் வேண்டியதாயிற்று. தாய் தமிழும் தந்தை சிங்களமும் பேசும் வீட்டுக்கு அப்படிவத்தில் இடமில்லை. யாத்திரையையும் அரசு தன் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவந்தது. வாந்திபேதி பரவும் என்ற அச்சத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்வ் என்ற எழுத்தாளருக்குக் கதிர்காம யாத்திரையை மேற்பார்வை செய்வதும் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. அந்நியராட்சி நீங்கிய பின்னரும் நிலை திருந்தவில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டம், இரு மொழிகளில் வாழ்ந்த ஊர்களை நோக்கி ஒரு மொழியைத் தேர்ந்துகொள் என்றது.

பின்னர் வந்த போர், வடக்கிலிருந்து வந்த நடையைக் குலைத்தது. குமனை வனம் 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. 2009இல் போர் ஓய்ந்தபின் யாத்திரிகர் தொகை பெருகிற்று. ஆனால் வழிப்போக்கருக்கு அமைதி வந்த வேளையில் ஊரவருக்கு வந்தது வேறொன்று.

2010 யூலையில், பாணமையைச் சேர்ந்த ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய கரையோர இடங்களில் பயிர் செய்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஏறத்தாழ 350 குடும்பங்கள் ஆயுதந் தரித்தோரால் விரட்டப்பட்டன, குடிசைகள் எரிக்கப்பட்டன. அக்காணிகளில் படைமுகாமும், பின்னர் கடற்படையின் உல்லாச விடுதியும் எழுந்தன. மக்கள் நீதிமன்றத்தை நாடினர், வீதியில் இறங்கினர். 2015 பெப்ரவரியில், 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் தாளில் உறங்கவே, 2016இல் மக்கள் தாமே தம் காணிக்குள் புகுந்தனர்.

காணி இழந்தோருட் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர் என்பதை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழரும் முஸ்லிம்களும் காணிக்காகக் கண்ணீர் வடிப்பதை இனப்பிரச்சினை என்று மட்டும் படித்துப் பழகிய நமக்கு, பாணமை பிறிதொரு பாடத்தையும் புகட்டுகின்றது. இன ஒடுக்குமுறை பொய்யென்பது அதன் பொருளன்று. அதிகாரமும் சுற்றுலா மூலதனமும் கைகோத்துக் கரையோரத்தை விழுங்க வரும்போது, ஏழை உழவனின் மொழி அவனைக் காப்பதில்லை என்பதே அதன் பொருள்.

கதிர்காமத்தில் வேடர்குல வள்ளிக்கு இடமுண்டு, தெய்வானைக்கு இடமுண்டு, சிங்களக் கப்புறாளை பூசை செய்ய, அயலிலே பள்ளிவாசலும் உண்டு. இவ்வொற்றுமையைப் போற்றிப் பேசாத மேடை இல்லை. ஆனால் ஒற்றுமை தலத்தின் வாயிலில் தொடங்கியதன்று. அது வழியிலே, ஒருவர் கிணற்றில் மற்றவர் நீர் மொண்டபோது வளர்ந்தது. அக்கிணற்றுக்கு உரியவனின் காணி பறிபோனால், பின்வரும் யாத்திரிகனுக்கு விடுதி வாயிலும் காவலாளியும் எஞ்சுமேயன்றி ஊர் எஞ்சாது. எனவே பாணமை மக்களின் காணியுரிமை அவர்களுடைய வழக்கு மாத்திரமன்று. அவ்வழியே நடப்போர் அனைவரும் பேசவேண்டிய வழக்கு. உண்ட சோற்றுக்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவே.